மஞ்சளுக்கு அஞ்சாத கறுப்பு

ஆக்லாந்தில் புதிதாக எழும் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஹாப்சன்வில் பாயிண்ட்டோ ஃப்ளாட் புஷ்ஷோ, எந்தப் பகுதியானாலும் மாதிரி வீட்டின் சமையலறையில் கறுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. சில வீடுகளில் குழாயும் கைப்பிடியும் மட்டும். சில வீடுகளில் கப்போர்டு கதவு, மேடை, சிங்க், அடுப்பு, அவன் என எல்லாமே கறுப்பு. அதுவும் பளபளப்பில்லாத மேட் கறுப்பு. இந்த நாட்டுக்குக் கறுப்பின் மேல் பழைய பற்று உண்டு. ரக்பி அணியின் சட்டை கறுப்பு. பீஹா கடற்கரையின் இரும்பு மணல் கறுப்பு. 1946-இல் வெலிங்டனில் தொடங்கிய ரெசீன் பெயின்ட் நிறுவனத்தின் வண்ண அட்டையில் ‘ஆல் பிளாக்’ என்றே ஒரு நிறம் இருக்கிறது.

மாதிரி வீட்டில் யாரும் கடுகு தாளிப்பதில்லை. தினமும் சோறு வடித்து, புளிக்குழம்பு கொதிக்கவிட்டு, வார இறுதியில் மீன் பொரிக்கிற வீட்டில் இந்தக் கறுப்பு என்ன ஆகிறது? சாண்ட்ரிங்கம் சாலையில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான். வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் அதைச் சொல்வதில்லை.

இங்கே பேசப்படும் சமையலறை மவுண்ட் ராஸ்கில்லில் இருக்கிறது. செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாக நிற்கும் பழைய வீடு. சமையலறையை மட்டும் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். மனைவி மதுரைக்காரர், கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அதனால் சமையலும் இரண்டு ஊர்ச் சமையல். ஓர் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டின் குளிர்காலம் முடியும்வரை அங்கே நடந்ததை வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

அளவுகளையும் மாடல் எண்களையும் கடைக்காரர்களே சொல்லிவிடுவார்கள். மேட் கறுப்பு லேமினேட் கதவுகள், கறுப்புக் கிரானைட் மேடை, கறுப்பு காம்போசிட் சிங்க், அதன் தலைமாட்டில் மேட் கறுப்புக் குழாய், கறுப்புக் கண்ணாடி இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே கறுப்பு ரேஞ்ச்ஹுட். தமிழ்நாட்டில் சிம்னி என்பார்களே, அதுதான். இவற்றுக்குப் பின்னால், ஒரு கதவுக்கு அப்பால், சிறிய இரண்டாவது சமையலறை ஒன்று உண்டு. ஆக்லாந்துக் கட்டுநர்கள் அதை ஸ்கல்லரி என்கிறார்கள். அந்த வீட்டில் ஸ்கல்லரி மட்டும் முழு வெள்ளை. கட்டுரையின் வழக்கு அங்கேதான் இருக்கிறது, வந்துசேர்வோம்.

வேலை முடிந்த சில நாட்களில் மதுரையிலிருந்து மாமியார் வந்தார். உள்ளே நுழைந்ததும் அவர் சொன்னது: “அடுப்படிக்குக் கறுப்பு ஆகாதே, மாப்பிள்ளை. லட்சுமி இருக்கிற எடமில்ல?”

“ஏன் மாமி, உங்கட தோசைக்கல்லு என்ன நிறம்? அம்மி என்ன நிறம்?”

மாமியார் சிரித்துவிட்டார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டுத் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். மருமகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அம்மி, ஆட்டுக்கல், கல்சட்டி, இரும்புச் சட்டி, தோசைக்கல் என்று தமிழ் அடுப்படியின் உழைப்பாளிகள் எல்லாமே கறுப்பு. எண்ணெயும் நெருப்பும் படப்பட அவற்றின் கறுப்பு இன்னும் அழகாகும். மாமியார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை அவர் வேறு விதமாகச் சொன்னார், அவ்வளவுதான். அம்மி உடம்பு முழுக்கக் கறுப்பு. இன்று கடையில் விற்கும் கறுப்புச் சாமான்களில் பாதிக்குத் தோல் மட்டும்தான் கறுப்பு. இந்தச் சமையலறையில் எது நின்றது, எது தோற்றது என்பதைப் பெரும்பாலும் இந்த வித்தியாசமே தீர்மானித்தது.

முதலில் நல்ல செய்தி. அது மஞ்சள்.

வெள்ளை மேடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்மணி யாரைக் கேட்டாலும் மஞ்சள் கறையின் வரலாற்றைச் சொல்வார். கரண்டி வைத்த இடத்தில் ஒரு பிறை. மிக்ஸியின் அடியில் ஒரு வட்டம். சிங்க்கைச் சுற்றிய சிலிக்கோன் பூச்சு மூன்றே மாதத்தில் மாம்பழ நிறம். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். குழம்பு தெறித்தால் எண்ணெயோடு சேர்ந்து பிசின் கலந்த பரப்புக்குள் இறங்கிவிடுகிறது. லேமினேட், செயற்கைக் கல், ஓடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சு எதையும் அது விட்டுவைப்பதில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தால் காரம் பட்டுச் செம்மையேறும். புதிதாக வந்த மருமகள்கள் பயந்துபோவது அந்த நேரத்தில்தான். வெயில் பட்டால் மெல்ல வெளுக்கும். வெள்ளை மேடையோடு வாழ்கிறவர்கள் சூரியன் ஜன்னல் வழியே வந்து கறையின் மேல் விழுவதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

கறுப்பில் இந்தத் தொல்லையே இல்லை. காரணம் எளிது. குர்குமின் நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் வெள்ளைப் பரப்பில் மஞ்சளாகத் தெரிகிறது. கறுப்புப் பரப்பில் திரும்பிவர வெளிச்சமே கிடையாது. கறை இருந்தாலும் காண முடியாது. மவுண்ட் ராஸ்கில் மேடையில் மஞ்சள்தூள் டப்பா கவிழ்ந்தது, மீன்குழம்பு பொங்கி வழிந்தது, யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள் கொட்டியது. ஈரத்துணியால் துடைத்தார்கள், மறுநாள் தேடினாலும் அடையாளம் இல்லை. பீட்ரூட், தேநீர்ச் சாயம், புளிக்கரைசல் கதையும் இதேதான். இவ்வளவு நாள் தமிழ்ச் சமையலை ஒரு குற்றம்போலப் பார்த்த மேடைகளுக்கு நடுவே, அதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் ஒரு மேடை. அலங்காரப் பத்திரிகைகள் கறுப்பின் கம்பீரத்தைப் பற்றி எழுதும். இந்த விடுதலையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

இனி கெட்ட செய்தி: அரிசி.

கறுப்புச் சமையலறைக்கு எதிரி அழுக்கு அல்ல, வெண்மை. அரிசி மாவு, கோதுமை மாவு, உப்பு, தேங்காய்த் துருவல், தோசை மாவின் சிதறல் எதுவும் அதில் ஒளிய முடியாது. சப்பாத்தி தேய்த்த மேடை வெறுங்கையால் வழித்தபின் இன்னும் மோசமாகத் தெரியும். சிங்க் அதற்கும் மேலே. காம்போசிட் சிங்க் என்பது குவார்ட்ஸ் அல்லது கிரானைட் துகளை அக்ரிலிக் பிசினில் குழைத்து வார்ப்பது. 1979-இல் ஜெர்மனியின் ஷாக் நிறுவனம் முதலில் கொண்டுவந்தது. கொதிக்கும் சோற்றுக்கஞ்சியை ஊற்றினால் அது அசராது. ஆனால் கஞ்சி காய்ந்ததும் சிங்க்கின் உட்பக்கம் முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் நிற்கும். அரிசி களைந்த தண்ணீர், மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என ஒவ்வொன்றும் ஒரு அடுக்கு. ஒருநாள் விட்டால் மேட் பரப்பின் நுண்ணிய பள்ளங்களில் மாவுச்சத்து பிடித்துக்கொள்கிறது. வெந்நீரும் பஞ்சும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். எவர்சில்வர் சிங்க்கில் இதே படலம் படியத்தான் செய்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. இரவு படுக்கப்போகும் முன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடும் பழக்கம் அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே வந்துவிட்டது. கஞ்சி வடிக்கும் வீட்டில் கறுப்பு சிங்க் வாங்குகிறவர்கள் அந்தக் கடைசி ஐந்து நிமிட வேலையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். குக்கரில் சோறு வைப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை.

கைரேகையும் எண்ணெய்க் கறையும் வேறு வகைத் தொல்லை. மேட் பரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அதன் அழகே அதுதான். எண்ணெய் விரல் பட்டால் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிரம்பி அந்த இடம் மட்டும் வழவழப்பாகிவிடும். சுற்றிலும் மேட், நடுவில் மினுக்கும் ஒரு விரல். இதைத் தடுக்கவே கைரேகை பிடிக்காத பரப்புகள் வந்தன; இத்தாலியின் அர்ப்பா நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த ஃபீனிக்ஸ் அவற்றில் பெயர்பெற்றது. மெல்லிய கீறல் விழுந்தால் சூடு காட்டிச் சரிசெய்யலாம் என்பது அதன் கூடுதல் வசதி. மவுண்ட் ராஸ்கில் கதவுகள் சாதாரண மேட் லேமினேட். தாளித்த கையோடு கப்போர்டைத் திறக்கும் இடங்களில், அதாவது உப்பு, எண்ணெய், பெருங்காயம் இருக்கும் மூன்று கதவுகளில், விளிம்பெல்லாம் விரல்கள். மற்ற கதவுகள் புதிது போலவே இருக்கின்றன. காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அடுப்பை ஒட்டிய கதவுகளுக்கு மட்டுமாவது கைரேகை பிடிக்காத பரப்பைக் கேட்கலாம்.

இதில் ஆக்லாந்துச் சூரியனுக்குத் தனிப் பங்கு உண்டு. தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்கு ஜன்னல் வழியாக வரும். ஜூன் மாதக் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. சென்னையில் டிசம்பர் நண்பகலிலும் அது 53 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் சென்னைச் சமையலறையில் நடக்காத ஒன்று இங்கே குளிர்காலம் முழுக்க நடக்கிறது. தாழ்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியே சாய்வாக நுழைந்து மேடையைத் தடவிக்கொண்டு போகிறது. சுத்தம் என்று நினைத்த பரப்பில் துணி போன தடமெல்லாம் அப்போது தெரியும். வடக்குப் பார்த்த சமையலறைக்கு மேட் கறுப்பு மேடை வாங்குமுன், மாதிரித் துண்டைக் கடைவிளக்கின் கீழ் பார்க்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து, எண்ணெய் விரலை வைத்து, மதிய வெயிலில் பார்ப்பது நல்லது. அந்த வீட்டில் மேடை லெதர் ஃபினிஷ் என்ற சொரசொரப்பான வகை. கதவுகளைவிட அது வெயிலைச் சமாளித்தது.

தண்ணீர் விஷயத்தில் ஆக்லாந்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நகருக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு ஹூனுவா, வைடாகரே மலைகளின் அணைகளிலிருந்தும் வைகாட்டோ ஆற்றிலிருந்தும் வருகிறது, மென்னீர். குழாயின் கழுத்தில் வெள்ளை உப்புப் படிவது குறைவு. இதே கறுப்புக் குழாயைப் பார்த்து ஆசைப்பட்டு வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குப் பொருத்தினால் சில வாரங்களிலேயே உப்பு பூத்துவிடும். அந்த உப்பைக் கரைக்க வேண்டிய புளிப்பு கறுப்புப் பூச்சுக்கும் ஆகாது. ஊரில் வீடு கட்டும் அண்ணனுக்கும் தங்கைக்கும் இங்கிருந்து படம் அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு மென்னீரிலும் அந்த வீட்டுக் குழாய் தோற்றது. தோல் மட்டும் கறுப்பு என்று மேலே சொன்னது இதைத்தான்.

மேட் கறுப்புக் குழாயில் பொதுவாகப் புழங்குபவை மூன்று. பவுடர் கோட்டிங்கில் தூளை மின்னேற்றி ஒட்டவைத்து அடுப்பில் சுடுகிறார்கள். பூச்சு தடிமனாக இருக்கும், முட்டினால் செதில் பெயரும். இரண்டாவது மின்முலாம், வழவழப்பாக இருக்கும், மெல்லியது. மூன்றாவது பிவிடி. காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் உலோக ஆவியைப் படியவைக்கிறார்கள். சில மைக்ரான் கனம்தான், ஆனால் கீறலுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கடையில் தொங்கும்போது மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். விலைச்சீட்டில் ‘மேட் பிளாக்’ என்று மட்டுமே எழுதியிருந்தால் எந்த வகை என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான விற்பனையாளர்களுக்கும் கேட்டால்தான் தேடிப்பார்க்கத் தோன்றுகிறது. கறுப்புச் சாமான் விற்கும் எல்லோர் மேலும் இருக்கும் பெரிய குறை இதுதான். சட்டை வாங்கும்போதே பருத்தியா பாலியெஸ்டரா என்று துணிச்சீட்டில் இருக்கிறது. பத்து வருடம் கைபடப்போகும் குழாயில் இல்லை.

மவுண்ட் ராஸ்கில் குழாய் பவுடர் கோட்டிங். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. இட்லிக் கொப்பரையும் குக்கரும் தினமும் அதன் மூக்கில் இடித்தன. ஆறு மாதத்துக்குள் நுனியில் மிளகளவு ஒரு பொட்டு. உள்ளிருந்த பித்தளை தெரிந்தது. அப்புறம் பொட்டு வளர்ந்தது. தமிழ்க் கைகளின் பழக்கமும் இதில் சேரும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கியவர்கள், எவர்சில்வரைக் கம்பி நாரால் தேய்த்தவர்கள். அதே உரிமையோடு கறுப்புக் குழாயைத் தொட்டால் அது தாங்காது. கம்பி நார், ஸ்க்ரப் பவுடர், எலுமிச்சை, வினிகர், ஜேனோலா போன்ற ப்ளீச் எதுவும் கூடாது. மென்மையான சோப்பு, ஈரத்துணி, கடைசியாகக் காய்ந்த துணி. பராமரிப்புத் தாள்கள் பொதுவாகச் சொல்வதும் இதுவே. அந்தத் தாள் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

கைப்பிடிகள் இன்னும் சீக்கிரம் தேய்கின்றன. குப்பைத்தொட்டி இழுப்பறையின் கைப்பிடியில் மோதிர விரல் படும் இடம் வெள்ளி நிறமாகிவிட்டது. கைப்பிடியே வேண்டாம், கதவின் மேல்விளிம்பில் விரல் நுழையும் பள்ளம் போதும் என்பது ஆக்லாந்தில் இப்போது பரவலான வடிவம். கறுப்புச் சமையலறைக்கு அதுவே மேல்.

கண்ணாடி அடுப்பு வேறு கதை. இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்பு பூச்சல்ல, கண்ணாடி-பீங்கானே கறுப்பு. ஷாட் நிறுவனத்தின் செரான் 1971 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை என்பதால் கொதிக்கும் சட்டியின் பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர் சிந்தினாலும் விரிசல் விடாது. காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே அதில் சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே: இரும்புத் தோசைக்கல் ஜம்மென்று வேலை செய்யும், ஈயச்சொம்பும் கல்சட்டியும் அலுமினியமும் செய்யாது. அதைவிட முக்கியமான எச்சரிக்கை இனிப்புக்கு. அதிரசப் பாகோ கேசரிச் சர்க்கரையோ பொங்கிக் கண்ணாடியில் வழிந்தால் ஆறவிடக் கூடாது. ஆறினால் உறைந்து கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டுதான் வரும். சூடு இருக்கும்போதே கையில் சுட்டுக்கொள்ளாமல் பிளேடு சுரண்டியால் எடுத்துவிட வேண்டும். பீஹா போய்வந்த பிள்ளைகளின் மணலும் எதிரிதான். கறுப்புப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரே தூசி அதுதான். கண்ணாடியின் மேல் அது இருக்கும்போது தோசைக்கல்லை இழுத்தால் கோடு விழும். தூக்கி வைக்க வேண்டும்.

ரேஞ்ச்ஹுட்டைப் பொறுத்தவரை நிறம் கடைசிக் கவலை. காற்று வெளியே போகிறதா என்பதே முதல் கேள்வி. நியூசிலாந்தின் ‘ஹெல்தி ஹோம்ஸ்’ விதிகள்படி வாடகை வீட்டுச் சமையலறையில் வெளியே காற்றை அனுப்பும் விசிறி கட்டாயம். 1 ஜூலை 2019-க்குப் பிறகு பொருத்தியதென்றால் குழாய் 150 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், அல்லது நொடிக்கு 50 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகள் அனைத்துக்கும் 1 ஜூலை 2025 கடைசி நாளாக இருந்தது. சொந்த வீட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அழகான கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டி, உள்ளேயே காற்றைச் சுற்றவிடும் வீடுகள் உண்டு. அங்கே தாளிப்பின் எண்ணெய் ஆவி போக்கிடம் இல்லாமல் கறுப்புக் கதவுகளின் மேல்தான் இறங்கும். அதில் தூசி ஒட்டும். தூசி வெளிர் நிறம். நல்ல விசிறிக்குச் செலவழிக்கப் பணம் இல்லையென்றால் கறுப்புக் கதவுகளைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

இப்போது ஸ்கல்லரி.

ஆக்லாந்தின் புது வீடுகளில் ஸ்கல்லரி பெரிய விற்பனைச் சரக்கு. கூடத்தோடு ஒட்டிய திறந்த சமையலறை விருந்தினர் கண்ணுக்கு. பாத்திரம் தேய்ப்பதும் தாளிப்பதும் பின்கட்டில். இந்தியக் குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில் அதையே மசாலாச் சமையலறை என்று சொல்லி விற்பதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நிறம் பூசும்போதுதான் எல்லாம் தலைகீழாகிறது. முன்கட்டுக்குக் கறுப்பு, பின்கட்டுக்கு மலிவு வெள்ளை மெலமைன். முன்கட்டில் நடப்பது தேநீர் போடுவதும் கேக் வெட்டுவதும். அங்கே கறுப்பு கைரேகையைத் தவிர வேறொன்றையும் சந்திப்பதில்லை. பின்கட்டில்தான் சாம்பார் தெறிக்கிறது, மஞ்சள் கொட்டுகிறது, மீன் பொரிகிறது, அங்கே வெள்ளை.

மவுண்ட் ராஸ்கில் வீட்டில் சமையல் இரண்டு கட்டிலும் நடக்கிறது, ஆனால் நிறங்கள் அப்படித்தான். கறுப்பு மேடை இன்றும் புதுசு. பின்கட்டில் வெள்ளை மெலமைன் அலமாரியின் விளிம்பு, அடுப்புக்குப் பின்னால் வெள்ளை ஓடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சு, வெள்ளைச் சுவிட்சுப் பலகை மூன்றும் மஞ்சள். எதுவும் போகவில்லை. கறுப்பின் மேல் தெரிவது எல்லாம் துடைத்தால் போவது: மாவு, கஞ்சி, உப்பு, விரல். வெள்ளையின் மேல் தெரிவது போகாதது. உழைக்கும் அறைக்குக் கறுப்பும் உட்காரும் அறைக்கு வெளிர் நிறமும் என்று கட்டியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் வரைபடத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த ஒன்றை மாற்றிக் கேட்டால் போதும். விலை கூடாது, பல நேரம் குறையும், ஏனென்றால் ஸ்கல்லரி சிறியது. கதவுக்கு அப்பால் இருப்பதால் அங்கே கல்லும் கண்ணாடியும் தவிர அலங்காரக் கறுப்பு எதுவும் தேவையில்லை.

கல் என்று வரும்போது இயற்கைக் கறுப்புக் கிரானைட்டுக்கு ஈடில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கல், பொன்துகள் மின்னும் ஆந்திரத்துச் சீமகுர்த்தியின் பிளாக் கேலக்ஸி ஆகியவை உலகமெங்கும் போகின்றன. செயற்கைக் குவார்ட்ஸ் மேடையை வெட்டும் தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருவதால் ஆஸ்திரேலியா 1 ஜூலை 2024 முதல் அதைத் தடைசெய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, வெட்டுகிறவர் ஈரமாகத்தான் வெட்ட வேண்டும். ஆனால் கறுப்பு வகைகளில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. பிசின் இல்லாததால் சூடான குக்கரை நேரே வைத்தாலும் கருகாது. நம் ஊர்க் கல் என்பதால் சொல்வதல்ல; மஞ்சள், புளி, சூடு மூன்றையும் ஒருசேரத் தாங்கியது அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஆக்லாந்துக்காரர்களுக்கு ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. வூல்ஃப் ஃபிஷரும் மாரிஸ் பேக்கலும் 1934-இல் இந்நகரில் தொடங்கிய ஃபிஷர் அண்ட் பேக்கல், 1997-இல் டிஷ்டிராயர் என்ற இழுப்பறை வடிவப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 2012-இல் சீனாவின் ஹையர் வாங்கியபின்னும் நிறுவனத்தின் இருப்பிடம் ஆக்லாந்துதான். அந்த வீட்டிலும் அது இருக்கிறது: கறுப்புக் கதவுக்குப் பின்னால் இரண்டு இழுப்பறைகள், தனித்தனியாக ஓடும். மாமியார் இருந்த நாட்களில் மேலே அவருடைய சைவப் பாத்திரம், கீழே மீன் சட்டி. கறுப்புச் சமையலறையைப் பற்றி மாமியார் கடைசிவரை மனம் மாறவில்லை; அந்த இழுப்பறையை மட்டும் மதுரைக்குப் போனபின்னும் தொலைபேசியில் விசாரிக்கிறார்.

குழாயின் கதை கடையில் முடிந்தது. பூச்சு பெயர்ந்ததைக் காட்டியபோது, உத்தரவாதத் தாளில் பூச்சுக்குத் தனியாக ஓராண்டு என்றிருப்பதைக் கடைக்காரர் எடுத்துக்காட்டினார், ஓராண்டு தாண்டியிருந்தது. நியூசிலாந்தில் 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் அந்தத் தாளுக்கு மேலே நிற்கிறது. வீட்டு உபயோகப் பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும்; இல்லையென்றால் விற்றவர் பழுதுபார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். இடித்தது யார் என்ற விவாதம் சிறிது நேரம் நடந்தது. சமையலறைக் குழாயில் பாத்திரம் இடிப்பது சாதாரணப் புழக்கம்தான் என்று அவர்கள் விடாமல் நின்றதும் கடை வேறு குழாய் கொடுத்தது. இந்த முறை பிவிடிதான் என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பின்கட்டின் வெள்ளை ஓடுகளைப் பெயர்த்துக் கறுப்புக் கண்ணாடி பதிக்க விலை கேட்டிருக்கிறார்கள். முன்கட்டில் எண்ணெய் பட்ட அந்த மூன்று கதவுகளுக்கு இளஞ்சாம்பல்.